இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, ரத்தம்தான் வழி மாறிப் போகிறது

பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று எழுதியிருந்தால், அதற்குக் கீழே எழுதியிருக்கும் எதுவும் குடும்பத்தார் கண்ணில் படுவதில்லை. இதயமே போய்விட்டது, இனி என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கமிருந்து வரும் பல குடும்பங்கள் அப்படி மனம் விட்டுப்போய் வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருடைய குழந்தைக்கு இதயத்தில் ஒரு குறையும் இருக்காது. தசை நன்றாகச் சுருங்கும், வால்வுகள் சரியாக மூடும், அறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்காது. கோளாறு வேறெங்காவது இருக்கும். இதயத்தை ஒட்டிய பெரிய குழாய்களில் இருக்கலாம், கல்லீரலுக்குள் இருக்கலாம், ஒரு காலில் இருக்கலாம், சில சமயம் தலைக்குள்ளும் இருக்கலாம். கருவில் உருவாகும்போதே இரண்டு ரத்தக்குழாய்கள் சேரக் கூடாத இடத்தில் சேர்ந்துவிட்டிருக்கும், அல்லது பிறந்ததும் மூட வேண்டிய ஒரு குழாய் மூடாமல் நின்றிருக்கும்.

அதைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதயம் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று எழுதியிருப்பதோடு நின்றுவிடாமல், அது எதனால் வந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்காவது இதன் அடிப்படை எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

முதலில், ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. மாரடைப்பும் அல்ல. உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை, நுரையீரலிலும் மற்ற இடங்களிலும் நீர் கோத்துக்கொள்ளாமல், இதயத்தால் அனுப்பி வைக்க முடியாத நிலைக்குத்தான் அந்தப் பெயர். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயத் தசை பலவீனமாகவோ விறைப்பாகவோ ஆவதால் இது வருகிறது. நாம் இங்கே பார்க்கப் போகும் குழந்தைகளில் பலருக்குத் தசை பலமாக இருக்கும். அதன் தலையில் விழும் வேலைதான் அளவுக்கு மீறியது.

ரத்தம் எப்படிக் குறுக்கே போகிறது

இதயத்தின் இடது பக்கத்திலிருந்து கிளம்பும் ரத்தம் மகாதமனியில் ஏறி, தமனிகளாகப் பிரிந்து, மேலும் மேலும் சிறுத்து, கடைசியில் தந்துகிகளுக்குள் போகிறது. தந்துகி என்பது ஒரு சிவப்பணு மட்டுமே நுழையக்கூடிய அளவுக்குக் குறுகலானது. பிராணவாயுவும் சத்தும் உடம்புக்குள் இறங்குவது அங்கேதான். அதைத் தாண்டிய பிறகு ரத்தம் சிரைகளில் சேர்ந்து வலது பக்கத்துக்குத் திரும்பி, நுரையீரலுக்குப் போய், மறுபடி இடது பக்கம் வருகிறது. பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இப்படிச் சுற்றுகிறது. மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான். அதன் இதயம் நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை துடித்து அதைச் சுற்றவைக்கிறது.

தமனிக்கும் சிரைக்கும் நடுவே தந்துகி இல்லாமல் நேரடி இணைப்பு இருந்தால் என்ன ஆகும்? கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கால்வாயில் வரும் தண்ணீர் மடை மடையாகப் பிரிந்து, வாய்க்காலில் இறங்கி, வயலில் ஊறிப் பரவி, மிச்சம்தான் வடிகாலில் விழுகிறது. கால்வாய்க்கரை ஓரிடத்தில் உடைந்து நேராக வடிகாலில் கொட்டுகிறது என்று வையுங்கள். தடுக்க ஒன்றும் இல்லாத வழி என்பதால் தண்ணீர் அந்த உடைப்பையே தேடி ஓடும். கடைமடை காயும், வடிகால் நிரம்பி வழியும். கடைமடைக்கும் எட்ட வேண்டுமென்றால் அணையில் ஷட்டரை இன்னும் தூக்க வேண்டும். தூக்கத் தூக்க உடைப்பிலும் கூடுதலாகப் போகும். கால்வாய்தான் தமனி, வயல்தான் தந்துகி, வடிகால்தான் சிரை. ஷட்டரைத் தூக்கிக்கொண்டே இருப்பது இதயம். உடம்பில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: வடிகாலில் விழுந்தது அத்தனையும் உடனே இதயத்துக்கே திரும்பி வந்துவிடும், அதையும் மறுபடி அனுப்பியாக வேண்டும்.

இப்படி ரத்தம் குறுக்கே ஓடும்போது ரத்த அழுத்தம், குறிப்பாகக் கீழ் எண், இறங்குகிறது. சிறுநீரகத்துக்கு இந்தக் குறுக்கு வழி தெரியாது. ரத்தம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, ரெனின் என்ற சுரப்பை விட்டு, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. ரத்தத்தின் அளவு பெருகுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, அறைகள் விரிகின்றன, நுரையீரலில் நீர் கோக்கிறது, கல்லீரல் வீங்குகிறது. பெரியவர்களில் நிமிடத்துக்கு 8 லிட்டரைத் தாண்டி ரத்தம் ஓடும்போது இதை ‘ஹை அவுட்புட் ஃபெயிலியர்’ என்பார்கள். இதயம் அனுப்பும் ரத்தம் வழக்கத்தைவிட அதிகம், ஆனால் உறுப்புகளுக்குப் போய்ச் சேர்வது குறைவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் அது தளரும் நொடியில்தான் எடுத்துக்கொள்கிறது. கீழ் அழுத்தம் இறங்கிவிட்டால் அந்தப் பங்கும் குறையும். வேலை கூடும்போதே சாப்பாடு குறைகிறது. நாள்பட விட்டால் நல்ல தசையும் சோர்ந்துபோவது இதனால்தான்.

இந்தக் குறுக்கு இணைப்பைக் கையால் உணர்ந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் யாராவது இருந்தால், அவர் முன்கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கும் இடத்தில் மெதுவாக விரல் வைத்துப் பாருங்கள். கிர்ர்ரென்று இடைவிடாத ஓர் அதிர்வு விரலுக்குத் தெரியும். காதை வைத்தால் சத்தமே கேட்கும். டயாலிசிஸ் ஊசிக்கு வேகமான ரத்த ஓட்டம் வேண்டும் என்பதற்காக ஒரு தமனியையும் சிரையையும் அறுவை மருத்துவர் வேண்டுமென்றே இணைத்து வைத்தது அது. 1966-இல் பிரெஷியாவும் சிமினோவும் அவர்களுடைய குழுவினரும் உலகுக்குச் சொன்ன முறை. அளவாக இருக்கும்வரை தொல்லையில்லை. அந்த ஃபிஸ்டுலா மிகவும் பெரிதாகிவிட்டால் அவர்களுக்கும் மூச்சு வாங்கும், அப்போது அதைச் சுருக்கிக் கட்ட வேண்டியிருக்கும். பிறவியிலேயே வரும் இணைப்பிலும் இதே அதிர்வு, இதே சத்தம்தான்.

ஒருவருக்கு மூன்றாம் நாள், ஒருவருக்கு ஐந்தாம் வாரம்

பிறவிக் கோளாறு என்றால் பிறந்த அன்றே தெரிய வேண்டாமா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. இதற்கு விடை தாயின் வயிற்றில் இருக்கிறது.

கருவில் குழந்தைக்கு நஞ்சுக்கொடிதான் நுரையீரல். இதயம் அனுப்பும் ரத்தத்தில் பெரிய பங்கு அங்கே போகிறது. நஞ்சில் எதிர்ப்பு மிகக் குறைவு, ரத்தம் தாராளமாக ஓடும். ஆகவே தலையிலோ கல்லீரலிலோ ஒரு குறுக்கு இணைப்பு இருந்தாலும், நஞ்சு தன் பங்கை இழுத்துக்கொள்வதால் இணைப்பின் வழியாக ஓடுவது ஓரளவுக்கு அடங்கியிருக்கும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வழி அடைபடுகிறது. நஞ்சுக்குப் போன ரத்தமும் இப்போது குறுக்கு இணைப்பைப் பார்த்துத் திரும்பும். நன்றாக அழுது பிறந்த குழந்தை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ திடீரென்று மூச்சு வாங்குவது இப்படித்தான்.

இதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே இணைப்பு இருந்தால் முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. பிறந்த புதிதில் நுரையீரல் குழாய்கள் இறுக்கமாக இருப்பதால் அந்தப் பக்கம் ரத்தம் அதிகம் பாய முடியாது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் அவை தளர்கின்றன. தளர்ந்ததும் ரத்தம் அங்கே கொட்ட ஆரம்பிக்கிறது. தீட்டுக் கழித்து, பேர் வைத்து, அம்மா வீட்டில் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது குழந்தை பால் குடிக்கத் திணறும்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாந்தம் என்பார்கள், சளி கட்டியிருக்கிறது என்பார்கள், தொக்கம் எடுத்து வா என்பார்கள். மருந்துக்கடையில் ஒரு சிரப் கொடுப்பார்கள். “பால் குடிச்சிட்டே இருக்கும் சார், திடீர்னு விட்டுட்டு மூச்சு வாங்கும், நெத்தியெல்லாம் வேர்த்துப்போகும், அப்புறம் மறுபடி தேடும்” என்று ஓர் ஆயா என்னிடம் சொன்னார். பாடப்புத்தகத்தில் உள்ளதைவிடத் தெளிவான விவரிப்பு அது. சளி என்று நினைத்து மூன்று வாரம் கழித்தே அவர்கள் வந்திருந்தார்கள். அன்பில் குறையிருந்து தாமதிக்கவில்லை. பால் குடிக்கும்போது நெற்றி வேர்ப்பது இதயம் சம்பந்தப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூடாமல் நின்ற குழாய்

வழி மாறிய இணைப்புகளில் அடிக்கடி பார்ப்பது பி.டி.ஏ., அதாவது ‘பேடன்ட் டக்டஸ் ஆர்டீரியோசஸ்’ என்ற மூடாத குழாய். கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லை என்பதால், அங்கே போகும் ரத்தத்தை மகாதமனிக்குத் திருப்பிவிட ஒரு சிறிய குழாய் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. பிறந்து மூச்சு விட்டதும் ரத்தத்தில் பிராணவாயு கூடுகிறது, குழாயைத் திறந்து வைத்திருந்த, நஞ்சிலிருந்து வந்த புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு குறைகிறது. இரண்டும் சேர்ந்து அந்தக் குழாயை இரண்டு மூன்று நாளில் சுருக்கிவிடும். சில வாரங்களில் அது வெறும் நாராகிவிடும். மூடாமல் நின்றுவிட்டால் ரத்தம் இப்போது எதிர்த்திசையில், மகாதமனியிலிருந்து நுரையீரலுக்குப் பாயும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு இது மிகவும் சகஜம். குழாய்க்கு மூடும் முதிர்ச்சி வரவில்லை, அவ்வளவுதான். பலருக்குத் தானே மூடிவிடும். தேவைப்பட்டால் இபுபுரூஃபென், இண்டோமெதசின், பாராசிட்டமால் ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்து மூடவைக்கப் பார்ப்பார்கள். காய்ச்சலுக்குப் பழகிய மாத்திரைப் பெயர்கள்தானே என்று யாரும் வீட்டில் முயன்றுவிடக் கூடாது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் சிறுநீரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, அளவு கணக்கிட்டுக் கொடுப்பது அது. நிறைமாதக் குழந்தைக்கு இந்த மருந்துகள் பலன் தருவதில்லை, குழாயை அடைக்கத்தான் வேண்டும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்தால் குழந்தைக்கு பி.டி.ஏ., கண்புரை, காது கேளாமை மூன்றும் சேர்ந்து வரக்கூடும். தாய்க்கு வந்தது லேசான காய்ச்சலும் சிறு தடிப்பும் மட்டுமாக இருந்திருக்கும், பலருக்கு நினைவே இருக்காது. இதைத் தடுக்க முடியும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய ஆறுதல். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இந்தியாவில் முதல் கட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று என்று இப்போது போடுகிறார்கள். அங்கன்வாடியில் அந்த ஊசிக்குக் கூப்பிட்டால், காய்ச்சல் வரும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மகளுக்குப் போடும் ஊசி இருபது வருடம் கழித்து உங்கள் பேரக்குழந்தையின் இதயத்தைக் காக்கிறது.

இந்தக் குழாயை முதன்முதலில் வெற்றிகரமாகக் கட்டியவர் ராபர்ட் கிராஸ். 1938 ஆகஸ்டில், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், ஏழு வயதுச் சிறுமிக்குச் செய்தார். அதுவரை இதயத்தைச் சுற்றிய பெரிய குழாய்களில் பிறவிக் கோளாறு என்றால் கை வைக்கவே அஞ்சினார்கள். 1967-இல் கிழக்கு பெர்லினில் போர்ஸ்ட்மான், மார்பைத் திறக்காமல் குழாய் வழியாகவே அடைப்பானைக் கொண்டுபோய் வைத்துக் காட்டினார். இன்று பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொடைப் பகுதியில் ஓர் ஊசித்துளை, ஒரு மெல்லிய வடிகுழாய், உலோகக் கம்பிகளால் ஆன ஒரு சிறு அடைப்பான், இவ்வளவில் முடிந்துவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். ஒரு கிலோகூட இல்லாத குறைமாதக் குழந்தைக்கும் பொருந்தும் அளவில் அடைப்பான் வந்துவிட்டது. குழாய் மிகப் பெரிதாக இருந்தாலோ அமைப்பு ஒத்துவராவிட்டாலோ அறுவை சிகிச்சையில் கட்டுவார்கள்.

பெரிய பி.டி.ஏ.யை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் போக முடியாது. வருடக்கணக்கில் அழுத்தமான ரத்தம் பாய்ந்து நுரையீரல் குழாய்களின் சுவர் தடித்து இறுகிவிடும். ஒரு கட்டத்தில் நுரையீரலின் அழுத்தம் மகாதமனியைத் தாண்டி, கெட்ட ரத்தம் எதிர்த்திசையில் உடம்புக்குள் வரத் தொடங்கும். அந்த இணைப்பு, கைகளுக்குப் போகும் கிளைகள் பிரிந்த பிறகு இருப்பதால், கை விரல்கள் சிவப்பாகவும் கால் விரல்கள் நீலமாகவும் இருக்கும். பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணின் கால் நகங்கள் நீலம் பாரித்து, கை நகங்கள் ரோஜா நிறத்தில் இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எந்த மருத்துவருக்கும் வேதனை தரும் காட்சி. அந்த நிலைக்குப் போன பிறகு குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சின்ன வயதில் ஓர் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

தலையில் ஸ்டெதாஸ்கோப் வைப்பது எதற்கு

பிறந்து இரண்டு மூன்று நாளில் மூச்சுத் திணறல், எக்ஸ்ரேயில் பெரிய இதயம், எக்கோவில் ஓட்டை எதுவும் இல்லை, தசை பலமாகச் சுருங்குகிறது, ஆனால் வலது அறைகள் புடைத்திருக்கின்றன. இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் ‘ரத்தம் எங்கே போகிறது’ என்று தேட வேண்டும். அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் அப்போது ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுத்து உச்சிக்குழியின் மேல் வைப்பார். அங்கே ஹூஷ் ஹூஷ் என்று ரத்தம் பாயும் சத்தம் கேட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி. கழுத்தில் நாடி துள்ளும். எக்கோவில் தலையிலிருந்து இறங்கும் பெருஞ்சிரை மட்டும் தடித்துத் தெரியும். உச்சிக்குழி வழியாகவே தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால் மூளையின் நடுவில் விரிந்த ஒரு ரத்தப் பை புலப்படும்.

இதற்கு வெயின் ஆஃப் கேலன் கோளாறு என்று பெயர். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனின் பெயரைத் தாங்கிய சிரை அது. கருவின் மூன்றாம் மாதத்துக்குள் மறைந்துபோக வேண்டிய ஒரு சிரை மறையாமல் நின்று, மூளையின் தமனிகள் பல நேராக அதில் கொட்டுவதால் உண்டாகிறது. மிகவும் அரிது, பல பத்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்றுதான். ஆனால் கடுமையான நிலையில் இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தத்தில் 80 சதவீதம்கூடத் தலைக்கே போய்விடும். சிறுநீரகம், கல்லீரல், குடல் எல்லாம் மீதியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தலைக்குப் போகிற ரத்தமாவது மூளைக்குப் பயன்படுகிறதா என்றால் அதுவும் இல்லை, தந்துகியைத் தொடாமல் திரும்பிவிடுகிறது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார்கள் என்று குடும்பத்தார் கேட்பார்கள். அப்போது நிஜமாகவே ஒன்றும் தெரிந்திருக்காது. இந்தக் கோளாறு பெரும்பாலும் கடைசி மூன்று மாத ஸ்கேனில், அதுவும் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில்தான் புலப்படும். அன்று ஸ்கேன் எடுத்தவர் மேல் கோபப்படுவதில் பயனில்லை.

சிகிச்சையை வகைப்படுத்திய பெருமை பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் பணியாற்றிய பியேர் லாஸ்ஜோனியாவுக்கு உரியது. இதயம், மூளை, மூச்சு, கல்லீரல், சிறுநீரகம் ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, 21-க்கு எவ்வளவு என்று பார்த்து முடிவெடுக்கும் முறையை அவர் குழு வகுத்தது. மருந்தில் தாக்குப்பிடித்தால் நான்கைந்து மாதம் வரை காத்திருப்பது நல்லது, குழாய்கள் கொஞ்சம் வளர்ந்திருக்கும். தாக்குப்பிடிக்காவிட்டால் பிறந்த சில நாட்களிலேயே வடிகுழாயைத் தலை வரை கொண்டுபோய், மருத்துவப் பசையால் அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக அடைப்பார்கள். ஒரே நாளில் முழுவதையும் அடைத்தால் மூளைக்கு ஆபத்து என்பதால் பல தவணைகளில் செய்வார்கள். முதல் தவணையில் ஓட்டத்தில் ஒரு பகுதியைக் குறைத்தாலே இதயம் மூச்சு விட்டுக்கொள்ளும். எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. மூளை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் பிழைத்த குழந்தைக்கும் வளர்ச்சியில் குறை இருக்கலாம். பெற்றோரிடம் இதை மறைக்கக் கூடாது. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்த பல குழந்தைகள் நன்றாக வளர்ந்து பள்ளிக்குப் போகிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

2023 மார்ச்சில் பாஸ்டனில், 34 வாரக் கருவுக்கு, தாயின் வயிறு வழியாக ஊசி செலுத்தி, வயிற்றுக்குள் இருக்கும்போதே இந்த இணைப்பில் சிறு கம்பிச்சுருள்களை வைத்து ஓட்டத்தைக் குறைத்தார்கள். தொப்புள்கொடி வெட்டப்படும் நேரத்தில் வரும் அதிர்ச்சியை முன்கூட்டியே தடுப்பதுதான் நோக்கம். அந்தக் குழந்தைக்குப் பிறந்த பிறகு இதயச் செயலிழப்புக்கு மருந்து தேவைப்படவில்லை. இது இன்னும் ஆய்வு நிலையில் உள்ள முறைதான். என்றாலும் நோய் எங்கே தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டதன் பலன் அது என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

இதயத்தின் சொந்தக் குழாயே இடம் மாறினால்

இது முன் சொன்னவற்றிலிருந்து வேறுபட்டது, இங்கே தசை உண்மையாகவே பலவீனமாகும். இதயத்துக்கு ரத்தம் தரும் இடது கரோனரி தமனி மகாதமனியிலிருந்து கிளம்ப வேண்டும். சிலருக்கு அது நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பிவிடும். நுரையீரல் அழுத்தம் இறங்கும் சில வாரங்களில் அந்தக் குழாயில் ரத்தம் ஏறாது, பின்பக்கமாகக் கசிந்து போகவும் செய்யும். இரண்டு மாதக் குழந்தைக்கு ஈ.சி.ஜி.யில் பெரியவர்களின் மாரடைப்பு போன்ற மாற்றம் தெரியும். பால் குடிக்கும்போது வெளிறி, வேர்த்து, வீறிட்டு அழும். வயிற்று வலி என்று நினைத்துவிடுவார்கள். எக்கோவில் பலவீனமான தசையை மட்டும் பார்த்து ‘கார்டியோமயோபதி’ (இதயத் தசை நோய்) என்று எழுதிவிடும் அபாயமும் உண்டு. கரோனரி குழாய் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தீர்களா என்று இப்படிப்பட்ட குழந்தையின் பெற்றோர் கேட்டால் அது மரியாதைக் குறைவு ஆகாது. குழாயை மகாதமனிக்கு மாற்றிப் பொருத்தியதும், செத்தே போய்விட்டது என்று நினைத்த தசை பல மாதங்களில் மீண்டு வருவது குழந்தை இதய மருத்துவத்தில் நான் மிகவும் மதிக்கும் விஷயங்களில் ஒன்று.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நுரையீரலிலிருந்து நல்ல ரத்தம் கொண்டுவரும் சிரைகள் இடது அறைக்கு வராமல் வலது பக்கம் சேர்ந்துவிடுவது உண்டு. அந்தக் குழந்தை மூச்சு வாங்குவதோடு நீலமாகவும் இருக்கும், அறுவை சிகிச்சை அவசரம். கல்லீரலில் ரத்தக்குழாய்க் கட்டிகள் நிறைய இருந்தாலும் இதயம் திணறும். 2008-இல் பிரான்சின் போர்தோவில், வேறு காரணத்துக்காகக் கொடுத்த புரோப்ரனலால் மருந்தில் இவ்வகைக் கட்டிகள் சுருங்குவதைத் தற்செயலாகக் கண்டார்கள். இன்று அதுவே முதல் மருந்து. இக்குழந்தைகளுக்குத் தைராய்டையும் பார்க்க வேண்டும். ஒரு கை அல்லது கால் மட்டும் நீளமாக, தடிமனாக, தொட்டால் சூடாக, உள்ளே அதிர்வுடன் இருந்தால் அங்கேயும் இணைப்பு இருக்கலாம். அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் நாடித்துடிப்பு குறைவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோலடோனியும் பிரான்ஹாமும் கவனித்து எழுதினார்கள். பரம்பரையாக மூக்கில் ரத்தம் வடிவது, உதட்டிலும் நாக்கிலும் சிறு சிவப்புப் புள்ளிகள், பெரியவர்களான பிறகு மூச்சிரைப்பு என்று இருக்கும் குடும்பங்களில் கல்லீரலுக்குள் இவ்வகை இணைப்புகள் இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதோடு ஒன்று. நம் பகுதியில் மூச்சு வாங்கி நாடி துள்ளும் ஒருவரைப் பார்த்தால் முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. அதுவும் இதயத்தை இதேபோல ஓடவைக்கும், இவை எல்லாவற்றையும்விடப் பல மடங்கு சாதாரணமானது, ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும்.

வீட்டில் எதைப் பார்ப்பது, எங்கே போவது

குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. பச்சிளங்குழந்தைகள் கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் மெதுவாகவும் மூச்சு விடுவது வழக்கம் என்பதால் கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். பால் குடிக்கும்போது விட்டு விட்டுக் குடிப்பது, நெற்றியும் உச்சந்தலையும் வேர்ப்பது, விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது ஆகியவற்றை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் குழந்தை அமைதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும், வீடியோதான் பேசும். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் எடை கூட வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் எடை போட்டு அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அடிக்கடி நிமோனியா வந்து ஊசி போட்டுப் போட்டுத் திரும்பும் குழந்தைக்கு ஒருமுறையாவது எக்கோ எடுக்க வேண்டும்.

பிறந்த மறுநாள் கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அது சரியாக இருந்தாலும் நான் மேலே சொன்ன பல கோளாறுகள் தப்பிவிடும், ஏனெனில் இக்குழந்தைகளில் பலர் நீலமாக இருப்பதில்லை. உதடு நீலமாவது, பால் குடிக்கவே மறுப்பது, முனகிக்கொண்டே மூச்சு விடுவது, துவண்டு கிடப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது, கிருஷ்ணகிரிக்கு 2022-இல் போலுப்பள்ளியில் வந்தது. முதல் பரிசோதனையும் மூச்சை நிலைப்படுத்துவதும் நம் ஊரிலேயே நடக்கும். அடைப்பான் வைப்பதற்கோ மூளைக்குழாய் சிகிச்சைக்கோ சென்னை, வேலூர், பெங்களூரு போன்ற இடங்களுக்கு அனுப்பலாம். அங்கே போகும்போது எக்கோ அறிக்கையை மட்டுமல்ல, எடுத்த படங்களின் சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். லேசிக்ஸ் போன்ற நீர் பிரிக்கும் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தால் வழியில் ஒரு வேளைகூட விடாதீர்கள். அந்த மருந்து நோயைக் குணமாக்காது, ஆனால் சிகிச்சைக்குப் போய்ச் சேரும்வரை குழந்தையைத் தாங்கும்.

பணம் இல்லை என்று எந்தக் குடும்பமும் பின்வாங்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்) என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. பிறப்பிலிருந்து 18 வயது வரை பிறவி இதயக் கோளாறு அதில் அடங்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு போய்க் கேளுங்கள். குழந்தைக்கு நோய் என்று தெரிந்த அன்றே வீட்டில் ஒருவர் இந்த வேலையில் இறங்கிவிட்டால் நாள் வீணாகாது.

தாய்மார்களுக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கிரகணத்தன்று வெளியே வந்தாள், பப்பாளி சாப்பிட்டாள் என்று மருமகளைக் குறை சொல்லும் பேச்சு வார்டிலேயே கேட்கிறது. ரத்தக்குழாய் வழி மாறுவதற்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரத்த உறவில் திருமணம் செய்துகொண்டவர்களின் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் கோளாறு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் நம் இரு மாவட்டங்களிலும் இன்றும் இருக்கிறது. அந்தத் திருமணத்தைப் பேசி முடித்ததும் பெரியவர்கள்தான், தனியாக அந்தப் பெண் எடுத்த முடிவு அல்ல.

அடைப்பான் வைத்த பிறகு ஆறு மாதம் வரை, பல் பிடுங்குவது போன்ற வேலைக்குப் போகும் முன் இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கிருமி அந்த இடத்தில் ஒட்டாமலிருக்க அப்போது ஒரு வேளை மருந்து தருவார்கள். எக்கோவில் இதயம் பழைய அளவுக்குச் சுருங்கி வருவதைப் பார்த்து மற்ற மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். மற்றக் குழந்தைகளைப் போல ஓடலாம், விளையாடலாம், எல்லாத் தடுப்பூசியும் போடலாம். அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் கர்ப்பமான 18-லிருந்து 22-ஆம் வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்றே ஒரு எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் குழந்தைக்குத் தலையில் இணைப்பு இருந்திருந்தால், கடைசி மூன்று மாதத்தில் கலர் டாப்ளர் ஸ்கேனையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது முதல் குழந்தையின் பழைய அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.